வழியும் அடுக்கும் வழுவும் காவலும்

இக்காலத்து மக்கள் தம்மை அறியாமலே நாள்தோறும் பல சிறு கணினிகளைக் கையாண்டு வருகின்றனர். சலவைப் பொறி, மோட்டார் வண்டி, குருதியழுத்தம் அளக்கும் கருவி, நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் செலுத்தும் கருவி ஆகியவற்றின் உள்ளே மறைந்திருந்து பணிபுரியும் இச்சிறு கணினிகளை நுண்கட்டுப்படுத்திகள் என்பர். மேசைக் கணினிக்குள்ள திரையோ விசைப்பலகையோ இவற்றுட் பலவற்றிற்கு இல்லை. பிழை நேர்ந்தவிடத்து அதனை எடுத்துரைக்க வாயும் இல்லை. எனினும், ஒரு பொறியை இயக்குவதும் நிறுத்துவதும் இவற்றின் கையிலேயே உள்ளன.

இவற்றினுள் நிகழும் பிழைகளுள் கண்டறிதற்கு மிக அரியவற்றுள் ஒன்று அடுக்கு வழிதல் என்பதாகும். அதனைக் கண்டறிதற்கெனப் பொறியியலாளர் பல காவல் முறைகளை வகுத்துள்ளனர். ஆயின், அக்காவல்களும் சிற்சில வேளைகளில் வழுவுகின்றன. அவை ஏன் வழுவுகின்றன என்பதையும், வழுவாதிருத்தற்கும் வழுவியவிடத்துத் தீங்கினைக் குறைத்தற்கும் செய்யத்தக்கன யாவை என்பதையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடுக்கு யாது?

விருந்து வீட்டிலே கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பர். இறுதியில் வைத்த தட்டே முதலில் எடுக்கப்படும். கணினியின் நினைவகத்தில் ஒரு பகுதியும் இம்முறையிலேயே ஆளப்படுகின்றது. ஒரு செய்நிரல் தன் வேலையின் நடுவே ஒரு துணைச் செய்நிரலை அழைக்கும்போது, அத்துணைச் செய்நிரல் முடிந்தபின் எவ்விடத்திற்குத் திரும்ப வேண்டும் என்பதைக் குறித்து வைத்தல் வேண்டும். அக்குறிப்பைத் திரும்பு முகவரி எனலாம். அது அடுக்கில் வைக்கப்படும். துணைச் செய்நிரலுக்குரிய உள்ளக மாறிகளும், செயலியின் பதிவகங்களில் இருந்து காக்கப்பட வேண்டிய எண்களும் அங்கேயே இடம்பெறும். அழைப்பு முடிந்தவுடன் அவ்விடம் விடுவிக்கப்பட்டு, அடுத்த அழைப்பிற்குப் பயன்படும்.

இக்கருத்துக் கணினியின் வரலாற்றில் மிகப் பழையது. ஆங்கிலக் கணித அறிஞர் அலன் ரூறிங் 1945ஆம் ஆண்டின் இறுதியில் எழுதி, 1946இல் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திற்குச் சமர்ப்பித்த கணினித் திட்டத்திலே, திரும்பும் இடத்தைக் குறித்து வைத்தலைப் 'புதைத்தல்' என்றும் அதனை மீட்டலை 'அகழ்ந்தெடுத்தல்' என்றும் பொருள்படும் சொற்களாற் குறித்தார். ஜேர்மனிய அறிஞர் பிறீட்றிக் பவர், கிளவுஸ் சமெல்சன் ஆகிய இருவரும் 1957இல் இம்முறைக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தனர். அவர்கள் இட்ட பெயருக்கு 'நிலவறை' என்பது பொருள். புதைத்தவை ஒழுங்காக அகழ்ந்தெடுக்கப்படும் வரையிலேதான் செய்நிரல் தன் வழியறிந்து செல்லும் என்பதை இப்பெயர்கள் நன்கு உணர்த்துகின்றன.

வழிதல் நேருமாறு

நம் மாணவர் கண்காட்சிகளுக்குச் செய்யும் கருவிகளில் பயன்படும் ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையை எடுத்துக்கொள்வாம். அதன் நுண்கட்டுப்படுத்தியாகிய ஏரிமெகா 328பி, செய்நிரலை வைத்தற்கு 32 கிலோபைற்று நினைவகத்தை உடையது. ஆனால், ஓடும்போது எண்களை எழுதி அழித்தற்குரிய நினைவகம் 2048 பைற்று மட்டுமே. இச்சிறு இடத்தின் கீழ் முனையில் பொது மாறிகள் இடம்பெறும். அவற்றின் மேலே, வேண்டும்போது கேட்டுப் பெறும் குவியற் பகுதி மேல்நோக்கி வளரும். அடுக்கோ மேல் முனையிற் தொடங்கிக் கீழ்நோக்கி வளரும். இரண்டிற்கும் இடையே மதிலும் இல்லை, வேலியும் இல்லை.

பொது மாறிகள் 1400 பைற்றைக் கொண்டன என்று வைத்துக்கொண்டால், எஞ்சுவது 648 பைற்று. ஒரு துணைச் செய்நிரல் 300 முழுவெண்கள் கொண்ட வரிசை ஒன்றைத் தன் உள்ளக மாறியாக வைப்பின், எண்ணொன்றுக்கு இரண்டு பைற்றாக 600 பைற்று செலவாகும். மிச்சம் 48. அந்நேரத்தில் வெளியிலிருந்து ஓர் இடையீடு வந்து, 32 பதிவகங்களையும் காத்து வைக்க முற்படின் 32 பைற்றும், திரும்பு முகவரிக்கு 2 பைற்றும் வேண்டும். எஞ்சிய 14 பைற்றிலே ஏனைய அழைப்புகள் அனைத்தும் அடங்குதல் வேண்டும். அடங்காதபோது அடுக்கு, பொது மாறிகளின்மேல் ஏறி எழுதுகின்றது. வெப்பநிலையைக் குறித்த மாறி திடீரென வேறோர் எண்ணாகின்றது. அல்லது, பொது மாறிக்கு எழுதப்பட்ட எண் திரும்பு முகவரியைக் கெடுக்க, செய்நிரல் எங்கோ தாவிச் செல்கின்றது.

பெரிய கணினிகளில் இவ்வாறு நேரின், நினைவகத்தை ஆளும் தனி அலகு அதனைக் கண்டு, அச்செய்நிரலை மட்டும் நிறுத்திவிடும். மேற்கூறிய சிறு செயலியில் அவ்வலகு இல்லை. வன்னிப் பெருநிலத்துக் குளங்களுக்கு வான் உண்டு. கொள்ளளவை மிஞ்சிய நீர் அவ்வான் வழியே பாய்ந்து தன் மிகுதியை ஊரறியச் செய்யும். இவ்வடுக்கிற்கு வான் இல்லை. மிகுந்தது ஓசையின்றி அயல் நிலத்தினுட் புகுகின்றது. கேடு தோன்றும் இடமும் நேரமும் காரணம் நிகழ்ந்த இடத்திற்கும் நேரத்திற்கும் தொலைவாக இருத்தலே இப்பிழையின் கொடுமையாகும்.

காவல் முறைகளும் அவை வழுவுமாறும்

முதலாவது, பூச்சு முறை. கருவி தொடங்கும்போது அடுக்கிற்குரிய இடம் முழுவதிலும் ஓர் அடையாள எண்ணை எழுதி நிரப்புவர். ஃபிறீ ஆர்.ரி.ஓ.எஸ். என்னும் சிறு இயக்கத் தொகுதி இதற்கு 165 என்னும் எண்ணைப் பயன்படுத்துகின்றது. சில காலம் ஓடியபின், எவ்வளவு இடத்தில் அவ்வெண் அழியாதிருக்கின்றது என நோக்கின், வெள்ளம் ஏறி வடிந்த சுவட்டைச் சுவரிற் காண்பதுபோல, அடுக்கு எட்டிய எல்லை புலப்படும். இது மிக எளிய முறை, பயனுள்ளதுங்கூட. எனினும், அது கூறுவது நிகழ்ந்ததை மட்டுமே. சோதனையின்போது ஒருமுறையேனும் நடவாத வழி ஒன்று செய்நிரலில் இருக்குமாயின், அவ்வழியின் தேவையை இச்சுவடு காட்டாது. மேலும், பெரிய வரிசை ஒன்றிற்கு இடம் ஒதுக்கி அதில் எதனையும் எழுதாது விட்டால், அங்கே பூச்சு அழியாமலே இருக்கும். எல்லைக்கருகில் அவ்வாறு நேரின், பயன்பட்ட இடமும் பயன்படாததுபோலத் தோன்றும்.

இரண்டாவது, பணி மாற்றத்தின்போது சோதித்தல். பல பணிகளை மாறி மாறி ஓட்டும் இயக்கத் தொகுதி, ஒரு பணியை நிறுத்தி மற்றொன்றை எடுக்கும் கணத்தில், நின்ற பணியின் அடுக்குச் சுட்டி எல்லைக்குள் உள்ளதா என நோக்கும். மேற்கூறிய ஃபிறீ ஆர்.ரி.ஓ.எஸ். இதனோடு, அடுக்கின் இறுதி 16 பைற்றுகளில் பூச்சு அழியாதிருக்கின்றதா என்பதையும் நோக்கும் இரண்டாம் முறையொன்றையும் தருகின்றது. இவ்விரண்டும் எல்லா வழிதலையும் கண்டே தீரும் என்று அதனை ஆக்கியோரே உறுதி கூறவில்லை. இரண்டு மாற்றங்களுக்கு இடையே அடுக்கு வழிந்து மீண்டும் வடிந்துவிட்டால் முதல் முறை அதனைக் காணாது. வழிந்த வெள்ளம் அந்த 16 பைற்றுகளைத் தொடாது தாண்டிச் சென்றால் இரண்டாம் முறையும் காணாது. கோர்டெக்ஸ் எம் வகைச் செயலிகளில் இடையீடுகளுக்கெனத் தனி அடுக்கு உண்டு. பணிகளின் அடுக்கை நோக்கும் இச்சோதனை அதனை நோக்குவதில்லை. இன்னும், வழிதலைக் கண்டவுடன் அழைக்கப்படும் துணைச் செய்நிரலுக்குப் பணியின் பெயர் தரப்படுகின்றது. வழிந்த வெள்ளம் அப்பெயரையே அழித்திருத்தலும் கூடும்.

மூன்றாவது, காவல் எண். ஒரு துணைச் செய்நிரல் தொடங்கும்போது அதன் உள்ளக வரிசைக்கும் திரும்பு முகவரிக்கும் இடையே ஓர் எண்ணை வைத்து, முடியும்போது அது மாறாதிருக்கின்றதா எனப் பார்த்தல் இம்முறையாகும். 1998இல் ஸ்ரக்காட் என்னும் பெயரில் அமெரிக்க ஆய்வாளர் இதனை வெளியிட்டனர், ஜி.சி.சி. முதலிய தொகுப்பான்கள் இன்று இதனைத் தருகின்றன. இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிதல் வேண்டும். இக்காவல் கண்டுபிடிப்பது, ஒரு வரிசை தன் அளவை மீறி அண்டை இடத்தில் எழுதுவதையே ஆகும். அடுக்கு முழுவதும் தன் எல்லையைக் கடந்து வளர்வது வேறொரு பிழை. இரண்டையும் 'வழிதல்' என்னும் ஒரே சொல்லாற் குறிப்பதால், முன்னதற்கு இட்ட காவலைப் பின்னதற்கும் போதியதெனச் சிலர் எண்ணிவிடுகின்றனர். எல்லை கடந்து வளரும் அடுக்கினுள்ளே ஒவ்வொரு காவல் எண்ணும் தன் இடத்தில் மாறாதே இருத்தல் கூடும்.

நான்காவது, வன்பொருட் காவல். சில செயலிகளில் நினைவகத்தின் ஒரு பகுதியை எழுதலாகாத நிலமென அறிவிக்கும் காப்பலகு உண்டு. ஆர்ம் நிறுவனத்தின் ஏழாம் பதிப்பு நுண்கட்டுப்படுத்திக் கட்டமைப்பில் அத்தகைய பகுதியின் மிகச் சிறிய அளவு 32 பைற்று. அடுக்கின் எல்லையில் இதனை நிறுத்தின், அதனைத் தொட்ட கணத்திலேயே செயலி நின்று பிழையை அறிவிக்கும். இது முன்னைய மூன்றினும் சிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், 32 பைற்று அகலமுள்ள வாய்க்காலை 200 பைற்று வரிசை ஒன்று ஒரே தாவலிற் கடந்துவிடும். வரிசையின் தொலை முனையில் மட்டும் எழுதின், காவல் நிலம் தொடப்படாமலே அயல் நிலம் கெடும். பெரிய கணினிகளிலும் இத்தகைய தாவல் இயலும் என்பதைக் குவாலிஸ் நிறுவனத்தார் 2017இல் வெளிப்படுத்தினர். அதன் பின்னரே, பெரிய இடத்தை ஒதுக்கும்போது ஒவ்வொரு படியிலும் தொட்டுப் பார்த்துச் செல்லும் ஏற்பாடு 2018இல் வெளிவந்த ஜி.சி.சி. எட்டாம் பதிப்பிற் சேர்ந்தது.

இக்குறையை நீக்க வந்தது, 2015இல் அறிவிக்கப்பட்ட ஆர்ம் எட்டாம் பதிப்பு நுண்கட்டுப்படுத்திக் கட்டமைப்பிலுள்ள அடுக்கெல்லைப் பதிவகம். இது எழுதப்படும் இடத்தை நோக்குவதில்லை. அடுக்குச் சுட்டி நகர்வதையே நோக்குகின்றது. சுட்டி எல்லைக்குக் கீழே இறங்க முற்பட்டவுடன் பிழை எழும். ஆகையால், தாவிக் கடத்தல் இயலாது. ஆயினும், அவ்வெல்லையை அமைப்பது செய்நிரலை எழுதுபவரின் கடன். தொடக்கத்தில் அதன் பெறுமானம் பூச்சியமாக இருக்கும். அமையாது விடப்பட்ட எல்லை எதனையும் தடுக்காது.

காவலன் நிற்கும் நிலம்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், காவல் வழுவுதற்கு மூன்று காரணங்கள் புலப்படும். காவல் தான் பார்க்கும் நேரத்தில் மட்டும் பார்க்கின்றது. தான் பார்க்கும் இடத்தை மட்டும் பார்க்கின்றது. தானே அந்த அடுக்கின்மேல் நின்று பார்க்கின்றது. இவற்றுள் மூன்றாவதே மிகவும் மறக்கப்படுவது.

கோர்டெக்ஸ் எம் வகைச் செயலி ஒரு பிழையை உணர்ந்ததும், அதனைக் கையாளும் துணைச் செய்நிரலுக்குச் செல்லுமுன், எட்டுப் பதிவகங்களை, அதாவது 32 பைற்றை, நடப்பிலுள்ள அடுக்கிற் காத்து வைக்க முயலும். மிதவைப் புள்ளி அலகு பயன்பாட்டில் இருப்பின் இத்தேவை 104 பைற்றாகும். இடமின்மையால் எழுந்த பிழைக்கு மேலும் இடம் கேட்கும் மருந்தே முதலில் கிடைக்கின்றது. பின்னர் ஓடும் கையாளும் செய்நிரல் முதன்மை அடுக்கையே பயன்படுத்தும். வழிந்தது அவ்வடுக்கே எனின், கையாளும் செய்நிரலும் பிழைக்குள்ளாகி, செயலி முற்றாகப் பூட்டுண்டு நிற்கும். அவ்வேளையில் நிகழ்ந்ததைத் திரையில் எழுதவோ கம்பி வழியே அனுப்பவோ முயலும் நீண்ட துணைச் செய்நிரலை அழைப்பது, மூழ்குபவனை மேலும் அமிழ்த்துவதாகும்.

ஒரு வழக்கு

இவை வெறும் ஏட்டுக் கவலைகள் அல்ல. 2007ஆம் ஆண்டு செத்தெம்பரில் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில், 2005ஆம் ஆண்டு ரொயோட்டா கம்றி வண்டியொன்று கட்டுப்பாட்டை இழந்து மோதியதில் ஒருவர் உயிரிழந்தார், ஓட்டுநர் காயமுற்றார். 2013 ஒக்ரோபரில் நடந்த வழக்கில், மைக்கேல் பார் என்னும் பொறியியலாளர் அவ்வண்டியின் எஞ்சினை ஆளும் செய்நிரலை ஆராய்ந்து சாட்சியம் அளித்தார். அதன் அடுக்கிற்கு 4096 பைற்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் நூற்றுக்கு 41 பங்கே பயன்படும் என நிறுவனத்தார் கணித்திருந்தனர் என்றும், மிக மோசமான நிலையில் அது நூற்றுக்கு 94 பங்கு வரை செல்லும் என்றும் அவர் கூறினார். எஞ்சுவது ஏறத்தாழ 246 பைற்று. ஒரு துணைச் செய்நிரல் தன்னைத் தானே அழைக்கும் மீளழைப்பு இக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை; மோட்டார்த் துறையின் மிஸ்ரா விதிகளோ மீளழைப்பை விலக்குகின்றன. ஓடும்போது அடுக்கைக் கண்காணிக்கும் ஏற்பாடும் அதில் இல்லை என்பது அவர் சாட்சியம்.

யூரிமார் நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பின்னர் இரு திறத்தாரும் இணக்கத்திற்கு வந்தனர். இவ்விடத்து நடுநிலை தவறலாகாது. அதற்கு முன்னர் 2011இல் நாசா நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வறிக்கை, அவ்வகை வண்டிகளின் பெருவேகத்திற்கு மின்னணுப் பிழை காரணமெனக் கண்டிலது. அடுக்கு வழிதலே அவ்விபத்தை விளைத்தது என மெய்ப்பிக்கப்பட்டதாகவும் கொள்ளலாகாது. ஆயின், 41 என நம்பப்பட்ட அளவு 94 எனக் கணிக்கப்பட்டதும், அவ்வேறுபாட்டை அறிவிக்கக் காவல் எதுவும் இல்லாதிருந்தமையும் நம் பொருளுக்குப் போதிய பாடமாகும். ஏனெனில், வழிதல் நிகழ்ந்து தடயமும் அழிந்தபின், அது நிகழ்ந்தது என்றோ நிகழவில்லை என்றோ எவராலும் துணிந்து கூற இயலாது.

செய்யத்தக்கன

முதற்கண், ஓட்டுமுன் கணக்கிடல் வேண்டும். ஒவ்வொரு துணைச் செய்நிரலும் எத்தனை பைற்று கொள்ளும் என்பதை ஜி.சி.சி. தொகுப்பானிடம் கேட்டுப் பெறலாம். எது எதனை அழைக்கின்றது என்னும் கிளைப்படத்தில் மிக நீண்ட வழியைக் கண்டு கூட்டி, அதனோடு இடையீடுகளின் தேவையையும் சேர்த்தல் வேண்டும். மீளழைப்பு இருப்பின் இக்கூட்டல் முடிவுபெறாது. ஆதலால் அதனை விலக்குதலே நன்று. ஆர்டுயினோத் தொகுப்பின் முடிவில் காட்டப்படும் நினைவகக் கணக்கு பொது மாறிகளை மட்டுமே குறிக்கும் என்பதையும், அடுக்கின் தேவை அதிற் சேராது என்பதையும் மாணவர் மறத்தலாகாது.

இரண்டாவது, கணக்கிட்டதை அளந்து ஒப்பிடல் வேண்டும். பூச்சு முறையால் அளந்த அளவு கணக்கிட்ட அளவினும் மிகுமாயின் கணக்கிற் பிழை உண்டு. மிகக் குறையுமாயின், சோதனை எல்லா வழிகளையும் நடந்து பார்க்கவில்லை என ஐயுறல் வேண்டும்.

மூன்றாவது, இயன்றவிடத்து வன்பொருளின் எல்லையைப் பயன்படுத்தல் வேண்டும். காப்பலகு இல்லாத கோர்டெக்ஸ் எம் வகைகளிற் பலவற்றில், அடுக்கை நினைவகத்தின் கீழ் முனைக்கு மாற்றி வைத்தால், வழியும் அடுக்கு பொது மாறிகளைக் கெடுக்காது, நினைவகமே இல்லாத முகவரியைத் தொட்டுப் பிழையை எழுப்பும். ஆயின், ஒரு செயலிக்கு ஏற்றது மற்றொன்றிற்கு ஏற்பதில்லை. ஏரிமெகா 328பியில் எழுதுநினைவகத்திற்குக் கீழேயுள்ள முதல் 256 முகவரிகள் பதிவகங்களுக்கும் உள்ளீட்டு வெளியீட்டு வாயில்களுக்கும் உரியவை. அங்கே வழியும் அடுக்கு மோட்டாரையே இயக்கிவிடவும் கூடும். அச்செயலியில், மாறாத எழுத்துத் தொடர்களைச் செய்நிரல் நினைவகத்திலேயே வைத்து எழுதுநினைவகத்தை மிச்சப்படுத்துவதும், பெரிய உள்ளக வரிசைகளைத் தவிர்ப்பதும் தக்கன.

நான்காவது, பிழையைக் கையாளும் செய்நிரலுக்குத் தனி நிலம் வேண்டும். அது தொடங்கியவுடன் அடுக்குச் சுட்டியைத் தனக்கென ஒதுக்கிய சிறு இடத்திற்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். பின்னர் மோட்டாரை நிறுத்தல், வெப்பமூட்டியை அணைத்தல் போன்ற காப்பு நிலையை முதலிலே செய்து, மீளத் தொடங்கும்போது அழியாத ஓரிடத்தில் காரணத்தைச் சுருக்கமாகக் குறித்து, அதன்பின் கருவியை மீளத் தொடங்கச் செய்தல் வேண்டும். கெட்ட அடுக்கை நம்பிப் பழைய வேலைக்குத் திரும்பலாகாது. குறித்த கால இடைவெளியிற் செய்நிரல் அறிகுறி தராவிடின் கருவியை மீளத் தொடங்கும் கண்காணிப்புக் கடிகை இறுதித் துணையாக நிற்கட்டும். ஆயினும், அவ்வறிகுறியை இடையீடு ஒன்றே தந்துகொண்டிருப்பின், முதன்மைப் பணி செயலிழந்தபோதும் கடிகை ஏமாறும் என்பதை நினைவிற் கொள்க. மீளத் தொடங்கிய எண்ணிக்கையையும் பதிந்து வைத்து, அது மிகுமாயின் கருவியைக் காப்பு நிலையிலேயே நிறுத்தல் முறையாகும்.

இதுகாறும் கூறியவற்றால், காவல் ஒன்று எதனையும் அறிவியாதிருத்தல், அறிவிக்கத்தக்கது எதுவும் நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது என்பது பெறப்படும். கண்காட்சிக்கு ஒரு கருவி செய்யும் மாணவர்க்கும், மருத்துவமனைக்கு ஒன்று செய்யும் பொறியியலாளர்க்கும் இவ்விதி பொதுவே. செய்நிரல் ஒரு நாள் முழுவதும் ஒழுங்காக ஓடிற்று என்பதோடு அமையாது, அதன் அடுக்கில் மிக மோசமான நிலையில் எத்தனை பைற்று எஞ்சும் என்பதைக் கணக்கிட்டு, அவ்வெண்ணைச் செய்நிரலின் தலைப்பிலேயே எழுதி வைத்தலை மாணவர் இன்றே பழக்கமாக்கிக்கொள்வாராக. அவ்வெண்ணை எழுத இயலாதவிடத்து, அச்செய்நிரல் இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதை அவர் உணர்ந்துகொள்வர்.